எழுதியபடியே ஒலிக்குமா இத்தாலியம்?

இத்தாலிய மொழியை எழுதியபடியே படிக்கலாம், கேட்டபடியே எழுதலாம் என்பது உலக வழக்காகிவிட்டதொரு கூற்று. அம்மொழியைக் கற்பிக்கும் தொடக்க நூல்கள் பலவும் முதற் பாடத்திலேயே மாணவனுக்கு இவ்வுறுதியை அளித்துவிடுகின்றன. ஆங்கில எழுத்துக்கூட்டலில் அல்லற்பட்டவனுக்கு இச்சொல் தேனாக இனிக்கும். ஆனால் பத்துப் பாடங்கள் கடந்தபின், நன்கறிந்த எழுத்துகளாலான ஒரு சொல்லை அவன் உரக்கப் படிக்கும்போது, கேட்டிருக்கும் இத்தாலியர் புன்முறுவலோடு அதனைத் திருத்துவார். அவன் விதி எதனையும் மீறவில்லை. எழுத்து எதனையும் விட்டுவிடவும் இல்லை. அங்ஙனமாயின் பிழை எங்கே உள்ளது? மாணவனிடத்தா, நூல் அளித்த உறுதியிலா? இதனை ஆராய்வது இத்தாலியம் கற்போர்க்கு மட்டுமன்றி, எம்மொழியின் எழுத்தையும் தொடக்க மாணவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியர் எல்லார்க்கும் பயன் தருவதாகும்.

கூற்றில் உள்ள உண்மை

முதற்கண் இக்கூற்றில் உள்ள உண்மையை ஒப்புக்கொள்ளல் வேண்டும். இத்தாலிய நெடுங்கணக்கு 21 எழுத்துகளே உடையது. ஜே, கே, டபிள்யூ, எக்ஸ், ஒய் என்னும் ஐந்தும் பெரும்பாலும் அயற்சொற்களிலும் பெயர்களிலுமே வரும். (எழுத்துகளை ஆங்கிலத்தில் வழங்கும் பெயர்களாலேயே இங்குக் குறிப்பது படிப்போர்க்கு எளிது.) எழுத்துகள் சிலவே ஆயினும் அவை ஒழுங்குடையவை. அவ்வொழுங்கை அறிய வறண்ட விதிப்பட்டியல் வேண்டுவதில்லை. கார்லோ கொல்லோதி 1881-இல் சிறுவர் இதழொன்றில் தொடர்கதையாகத் தொடங்கி, 1883-இல் நூலாக வெளிவந்த பினோக்கியோ கதையின் பெயர்களே போதும்.

மரப்பாவையைச் செதுக்கிய ஏழைக் கிழவர் பெயர் ஜெப்பெத்தோ. 'ஜி' என்னும் எழுத்துக்குப் பின் 'ஈ' அல்லது 'ஐ' வருமாயின், 'பஞ்சு' என்பதிற் கேட்கும் ஒலி பிறக்கும். ஏ, ஓ, யூ வருமாயின் 'தங்கம்' என்பதில் உள்ள ககர ஒலி பிறக்கும். அக்கதையில் வரும் பூனையாகிய காத்தோ இதற்குச் சான்று. 'சி' எழுத்தும் இவ்வாறே. ஈ, ஐ முன் 'அச்சு' என்பதன் சகரம். ஏனைய உயிர்முன் 'பக்கம்' என்பதன் ககரம். பினோக்கியோ என்னும் பெயரில் இரண்டு 'சி'க்குப் பின் 'எச்' நிற்கிறது. இத்தாலியத்தில் எச்சுக்குத் தனக்கென ஒலி இல்லை. ஐகாரத்தின் முன் 'சி' சகரமாகிவிடாமல் ககரமாகவே நிற்கும்படி காவல் புரிவதே அதன் தொழில். பாவைக்கூத்து நடத்தும் மாஞ்ஜாஃபுவோக்கோவின் பெயரில் 'ஜி'க்கும் 'ஏ'க்கும் நடுவே நிற்கும் 'ஐ' ஒலிப்பதில்லை. 'ஜி'யை ஜகரமாக்குவது மட்டுமே அதன் வேலை. பினோக்கியோவின் தோழன் லுசீஞ்ஞோலோவின் பெயரில் 'ஜி'யும் 'என்'னும் சேர்ந்து தமிழின் ஞகரத்தையே தருகின்றன. ஜெப்பெத்தோவை விழுங்கிய பெருஞ்சுறாவின் பெயர் பேஷெகானே. அதில் 'சி' இருமுறை வருகிறது. முன்னது எஸ்ஸோடு சேர்ந்து ஈயின் முன் நிற்பதால் ஷகரமாகிறது. பின்னது ஏயின் முன் நிற்பதால் ககரமாகிறது.

மலேசிய மாணவன் இவ்விடத்தில் சற்று விழிப்பாக இருத்தல் வேண்டும். 1972-இல் நடந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் மலாயில் 'சி'யும் 'எச்'சும் சேர்ந்து சகர ஒலியைத் தந்தன. அதன்பின் 'சி' தனித்து நின்றே அவ்வொலியைத் தருகிறது. இப்பழக்கத்தோடு இத்தாலியத்துக்கு வருபவன், வீடு என்னும் பொருளுடைய 'காசா'வைச் 'சாசா' என்பான்; 'எது' என்னும் பொருளுடைய 'கே'யைச் 'சே' என்பான். வறுத்த ரொட்டியாலான புருஸ்கெத்தா உணவுவிடுதிகளில் 'புருஷெட்டா' ஆகிவிடுவதும் எச் செய்யும் காவலை அறியாமையால் வந்த பிழையே.

ஆயினும் இவையெல்லாம் ஒழுங்கான விதிகள். ஓர் எழுத்தின் ஒலியைப் பக்கத்து எழுத்து முடிவு செய்வது தமிழர்க்குப் புதிதன்று. பக்கம், பங்கு, பகல் என்னும் மூன்றிலும் ககரம் ஒன்றே, ஒலியோ மூன்று. ஆதலின் இப்பகுதி வரையில் தொடக்க நூல்களின் உறுதி பொய்க்கவில்லை.

எழுத்து வாய்மூடும் இடங்கள்

எந்த அசையை அழுத்திச் சொல்வது என்னும் வினா எழுந்தவுடனே உறுதி தளரத் தொடங்குகிறது. இத்தாலியச் சொற்களில் மிகப் பல, ஈற்றயல் அசையில் அழுத்தம் பெறுவன. மிலானோ, தொரீனோ, வெரோனா என்னும் நகரப் பெயர்கள் அத்தகையன. இதனைக் கற்ற மாணவன் நாப்பொலி, ஜெனோவா, மோதெனா, தாரந்தோ, பிரிந்திசி என்னும் நகரங்களையும் அவ்வாறே ஈற்றயலில் அழுத்திப் படிப்பான். ஐந்தும் பிழையாகும், அவற்றிலெல்லாம் அழுத்தம் முதலசையில் உள்ளது. எழுத்திலோ இதற்கு யாதொரு குறியும் இல்லை. சொல்லின் கடையுயிர் அழுத்தம் பெற்றால் மட்டுமே அதன்மேல் குறியிடுதல் கட்டாயம். ஓரசைச் சொற்கள் சிலவற்றிலும் பொருள் வேறுபாட்டுக்காகக் குறி இடுவர். எஞ்சிய இடங்களில் எழுத்து வாய்மூடி நிற்கிறது.

இதனால் பொருளே மாறுவதும் உண்டு. 'ஆன்கொரா' என முதலசையை அழுத்தினால் நங்கூரம். 'அன்கோரா' என இரண்டாம் அசையை அழுத்தினால் 'இன்னும்'. 'பிரின்சிபி' என்பதன் முதலசை அழுத்தம் பெற்றால் இளவரசர். இரண்டாம் அசை பெற்றால் கொள்கைகள். இவ்விணைகள் எழுத்தில் வேறுபாடின்றியே வழங்குகின்றன.

மேலே கூறிய ஒழுங்கான விதிகளையும் இக்குறைபாடு குலைத்துவிடுகிறது. பினோக்கியோ கதையில் வரும் தச்சர் ஒருவர், முதிர்ந்த செர்ரிப் பழம்போற் சிவந்த மூக்குடையவராதலின், அப்பழத்தின் பெயரால் 'சிலியேஜா' எனப்படுகிறார். அதே கதையில் பாவையின் மூக்கை நீளச் செய்யும் பொய்க்கு இத்தாலியச் சொல் 'புஜீயா'. இரு சொற்களும் ஜி, ஐ, ஏ என்னும் அதே மூன்று எழுத்துகளால் முடிவன. முன்னதில் ஐ ஒலியாமல் 'ஜா' என்று ஓரசையாகிறது. பின்னதில் அதே ஐ அழுத்தம் பெற்று 'ஜீயா' என ஈரசையாகிறது. சட்டையைக் குறிக்கும் 'கமீசா'வும் மருந்துக்கடையைக் குறிக்கும் 'ஃபர்மசீயா'வும் இவ்வாறே ஒத்த ஈறு உடையன, ஒலியால் வேறாவன. எதில் ஐ ஒலிக்கும், எதில் ஒலியாது என்பதைச் சொல்லை முன்னரே கேட்டறிந்தவனே சொல்லமுடியும்.

இரண்டாவது குறை எகர ஒகரங்களில் உள்ளது. அழுத்தம் பெறும் அசையில் இவ்வுயிர்கள் ஒவ்வொன்றும் வாயை அகலத் திறந்து ஒரு வகையும், ஒடுக்கி ஒரு வகையுமாக ஒலிக்கும். 'பெஸ்கா' என்பதை அகலச் சொன்னால் ஒருவகைப் பழம். ஒடுக்கிச் சொன்னால் மீன்பிடித்தல். 'வெந்தி' அகன்றால் காற்றுகள், ஒடுங்கினால் இருபது. 'பொத்தே' அகன்றால் அடிகள், ஒடுங்கினால் பீப்பாய். எழுத்தில் இணைகளுக்குள் வேற்றுமை சிறிதும் இல்லை.

மூன்றாவது, 'இசட்' என்னும் எழுத்து. 'பீத்ஸா'வில் அது 'த்ஸ' என ஒலிக்கும். பாதி என்னும் பொருளுடைய 'மெத்ஸோ'விலோ தொண்டை அதிர ஒலிக்கும். இரு சொல்லிலும் எழுதப்படுவது இரட்டித்த இசட்டே. உயிர்களுக்கு நடுவே வரும் 'எஸ்'ஸும் இப்படியே இருவகை ஒலியுடையது. 'காசா' என்னும் எளிய சொல்லையே வடநாட்டார் ஒருவகையாகவும் தென்னாட்டார் ஒருவகையாகவும் ஒலிப்பர்.

எழுதியபடியே ஒலிக்கும் மொழியாயின், அம்மொழியாளர்க்கு ஒலிப்பு அகராதி எதற்கு? இத்தாலியின் பொது ஒலிபரப்பு நிறுவனமான ராய், மில்யோரினி, தால்யாவீனி, ஃபியோரெல்லி என்னும் அறிஞர் மூவர் இயற்றிய எழுத்து, ஒலிப்பு அகராதியை 1969-இல் வெளியிட்டது. அது அயலார்க்காக எழுந்த நூலன்று. ஒலிபெருக்கிமுன் நின்று பேசும் இத்தாலியர்க்கே வழிகாட்ட எழுந்தது. உறுதியை மறுக்க இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இக்குறைபாட்டின் வரலாறு

இந்நிலை எங்ஙனம் ஏற்பட்டது? இன்றைய பொது இத்தாலியம், 14-ஆம் நூற்றாண்டின் ஃபிளாரன்ஸ் நகர இலக்கிய வழக்கை அடிப்படையாகக் கொண்டது. வெனிஸ் நகரத்தவரான பியேத்ரோ பெம்போ 1525-இல் வெளியிட்ட நூலில், செய்யுளுக்குப் பெத்ரார்க்காவையும் உரைநடைக்குப் பொக்காச்சோவையும் முன்மாதிரியாகக் காட்டினார். 1583-இல் ஃபிளாரன்ஸில் தோன்றிய குரூஸ்கா கழகம் 1612-இல் பேரகராதி ஒன்றை வெளியிட்டு அவ்வழக்கை நிலைநிறுத்தியது. நாடோ பல அரசுகளாகப் பிரிந்து கிடந்தது. மக்கள் தத்தம் வட்டார மொழியையே பேசினர். நாடு ஒருங்கிணைந்த 1861-இல் மக்களுள் நூற்றுக்கு 2.5 பேரே இத்தாலியம் அறிந்திருந்தனர் என்று மொழியறிஞர் துல்லியோ தெ மௌரோ மதிப்பிட்டார். வேறு அறிஞர் இத்தொகையைக் கூட்டிச் சொல்வர். எனினும் சிறுபான்மையோர் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

ஆகவே பெரும்பாலான இத்தாலியர்க்குப் பொதுமொழி தாய்மடியில் வந்ததன்று. பள்ளியிலும் நூலிலும் வந்தது. அவர்கள் எழுத்தைப் பார்த்தே மொழியை ஒலித்தனர். பேச்சைப் பின்பற்றி எழுத்து அமைந்தது ஒருபுறம் இருக்க, எழுத்தைப் பின்பற்றிப் பேச்சும் அமைந்தது. எழுத்து தெளிவாகச் சொன்ன இடங்களில் நாடு முழுவதும் ஏறத்தாழ ஒரே ஒலிப்பு நிலைத்தது. எழுத்து வாய்மூடிய இடங்களில், அதாவது எகர ஒகர வேறுபாட்டிலும் எஸ், இசட் ஒலிகளிலும், அவரவர் வட்டார வழக்கே நின்றுவிட்டது. மிலானோவினரும் நாப்பொலியினரும் இன்றளவும் இவ்விடங்களில் வேறுபட ஒலிப்பதன் காரணம் இதுவே.

இக்குறையை முன்னரே கண்டவரும் உண்டு. விச்சென்சா நகரத்து அறிஞர் ஜான் ஜோர்ஜோ திரிஸ்ஸினோ, எகர ஒகரங்களின் இருவகை ஒலியைப் பிரித்துக் காட்டக் கிரேக்க எழுத்துகளைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று 1524-இல் எழுதினார். எதிர்ப்பு வலுத்தது, அவ்வெழுத்துகள் நிலைபெறவில்லை. ஆனால் தமிழர்க்கு வியப்புத் தரும் செய்தி ஒன்று இங்கு உண்டு. ஏறக்குறைய இரு நூற்றாண்டுகளுக்குப் பின், அதே இத்தாலியின் கஸ்திலியோனே என்னும் ஊரில் 1680-இல் பிறந்த பெஸ்கி தமிழகம் வந்து வீரமாமுனிவர் ஆனார். தமிழ் எழுத்திலும் அன்று எகர ஒகரங்களிலேயே இடர் இருந்தது. குறிலைக் காட்ட இடும் புள்ளி ஓலையில் விடுபட்டுப்போக, குறிலும் நெடிலும் மயங்கின. அவர் நெடிலுக்கு வேறு வடிவம் தந்து அம்மயக்கத்தைத் தீர்த்தார் என்பது தமிழ் எழுத்து வரலாறு. தம் தாய்நாட்டு எழுத்தில் நிறைவேறாத வேறுபாட்டுக் குறி ஒன்று, அவர் கைவழியே தமிழில் நிறைவேறியது.

யாருக்கு இக்கூற்று பொருந்தும்?

இத்துணைக் குறை இருந்தும், இத்தாலியக் குழந்தை விரைவிற் படிக்கக் கற்றுக்கொள்கிறதே என்று வினவலாம். கல்வியுலகம் நன்கறிந்த மரியா மாந்தெஸ்ஸோரி அம்மையாரின் பணி இதற்கு விடை தரும். அம்மையார் 1907-இல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பான சான் லொரென்சோவில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். பின்னர் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து இந்திய ஆசிரியர்க்கும் பயிற்சி அளித்தார். எழுத்தின் பெயரைச் சொல்லாது ஒலியைச் சொல்லி, உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவச் செய்து, தனித்தனி எழுத்துகளைக் கோத்துச் சொல்லாக்கச் செய்வது அவர் முறை. குழந்தை கோத்த சொற்கள் எவை? அது நாவாற் பேசிய சொற்கள். 'புஜீயா' என்னும் சொல்லைக் கடிந்துரையாகப் பலகால் கேட்ட குழந்தை, அதனை எழுத்திற் காணும்போது அழுத்தம் எங்கே என்று தேடுவதில்லை. எழுத்து விட்டதைச் செவி நிரப்பிவிடுகிறது.

இதுவே இவ்வாராய்ச்சியின் மையம். எழுதியபடியே படிக்கலாம் என்பது மொழியை முன்னரே அறிந்தவனுக்கு மெய், அறியாதவனுக்கு அரைமெய். தொடக்க நூலோ அறியாதவன் பொருட்டே எழுதப்படுவது. அறிந்தவன் இருக்கையில் அமர்ந்துகொண்டு அறியாதவனுக்கு உறுதி கூறுவதே அந்நூல்கள் செய்யும் பிழை.

தமிழ் மாணவனின் நலமும் இடரும்

ஆங்கிலம் பேசுவோரை எண்ணி எழுதிய நூலைக் கொண்டு இத்தாலியம் பயிலும் தமிழ் மாணவனுக்கு வேறொரு தொல்லையும் உண்டு. அந்நூல்கள் இரட்டித்த மெய்க்குப் பெரிதும் அஞ்சும். 'பாலா' என்றால் மண்வெட்டி, 'பல்லா' என்றால் பந்து. 'நோனோ' என்றால் ஒன்பதாவது, 'நொன்னோ' என்றால் பாட்டன் என்று பலமுறை எச்சரிக்கும். பலிக்கும் பல்லிக்கும், கனிக்கும் கன்னிக்கும் வேறுபாடு அறிந்த தமிழ்க் குழந்தைக்கு இது விளையாட்டு. பல்லைத் தொட்டுப் பிறக்கும் தகரமும் அவ்வாறே. ஆங்கிலேயர் அரும்பாடுபட்டுக் கற்கும் அவ்வொலி தமிழன் நாவில் இயல்பாக நிற்கிறது. ஜெப்பெத்தோவை 'ஜெப்பெட்டோ' ஆக்குவது தமிழன்று. ஆங்கில வழி வந்த பழக்கமே.

தமிழனுக்கு உண்மை இடர் வேறிடத்தில் உள்ளது. அதைப்பற்றி அந்நூல்கள் பேசுவதில்லை. மெல்லெழுத்தின் பின் வரும் வல்லெழுத்தைத் தமிழன் நா தொண்டை அதிர ஒலிக்கும். தம்பி, பந்து, வங்கி என்பன காண்க. இத்தாலியத்தில் காலம் என்னும் பொருளுடைய 'தெம்போ'வில் பகரம் 'அப்பா' என்பதிற் போல அதிராது ஒலிக்கவேண்டும். வங்கியைக் குறிக்கும் 'பாங்கா'வின் ககரமும் அங்ஙனமே. சொல்லின் முதலிலும் இடர் உண்டு. உணவாகிய 'பாஸ்தா'வும், 'போதும்' என்னும் பொருளுடைய 'பாஸ்தா'வும் தமிழெழுத்தில் ஒன்றே. இத்தாலியத்தில் முன்னது அதிராப் பகரம், பின்னது அதிரும் பகரம்.

எல்லாவற்றினும் நுண்ணியது உயிர்களுக்கு நடுவே நிற்கும் வல்லெழுத்து. தாகத்தைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லைச் 'சேதே' என்று எழுதினால் தகரம் மெலிந்து அதிரும். அதனைத் தடுக்கச் 'சேத்தே' என்று இரட்டித்தால், அது ஏழு என்னும் எண்ணாகிவிடும். இரட்டியாமலும் அதிராமலும் நிற்கும் தனித் தகரத்துக்குச் சொல்லின் நடுவே தமிழெழுத்தில் இடமே இல்லை. நண்பனைக் குறிக்கும் 'அமீகோ'வின் ககரத்துக்கும் இதே கதிதான். ஆயினும் வழி இல்லாமற் போகவில்லை. சொல்லின் முதலில் வரும் தகரத்தைத் தமிழன் அதிராமலே ஒலிக்கிறான். ஆகவே 'சே' என்று நிறுத்தி, 'தே' என்பதைப் புதுச்சொல் தொடங்குவதுபோலச் சொல்லிப் பழகி, பின் இடைவெளியைச் சிறிது சிறிதாகக் குறைத்தால் ஒலி செம்மையாக வரும். சேர்த்துப் படிக்கும்போது இரட்டித்துவிடாமல் பார்த்துக்கொள்வது ஆசிரியர் பொறுப்பு.

செய்யத்தக்கவை

தொடக்க நூல் எழுதுவோர் மூன்று செயல் செய்யலாம். முதலாவது, முதற் சில பாடங்களிலேனும் ஈற்றயல் அல்லாத அசையில் அழுத்தம் பெறும் சொற்களுக்கெல்லாம் அழுத்தக் குறி இடுதல். அகராதிகள் இதனைச் செய்யும்போது பாடநூல் ஏன் செய்யலாகாது? இரண்டாவது, மாணவன் காதாற் கேளாத சொல் எதனையும் கண்ணாற் படிக்கும்படி கேளாதிருத்தல். இன்று ஒலிப்பதிவுகள் எளிதிற் கிடைப்பதால் இதற்குத் தடையில்லை. மூன்றாவது, இன்ன இடத்தில் எழுத்து விதிப்படி நடக்கும், இன்ன இடத்தில் அது பேசாது என்று எல்லை வகுத்துக் கூறுதல். எகர ஒகர வேறுபாட்டை முதலாண்டிலேயே முற்றும் கற்பிக்க வேண்டுவதில்லை. இத்தாலியரே அதில் ஒன்றுபடவில்லை. ஆனால் அழுத்தத்தை முதல் நாளிலிருந்தே கற்பித்தல் வேண்டும்.

இதனைச் சிறு குறையென்று ஒதுக்குதல் ஆகாது. கடினம் என்று சொல்லப்பட்ட பாடத்தில் தவறுபவன் பாடத்தைக் குறைகூறித் தேறிக்கொள்வான். எளிது என்று சொல்லப்பட்ட பாடத்தில் தவறுபவன் தன் அறிவையே ஐயுறுவான். வாய்திறந்து படிக்க வெட்கப்படுபவன் பின் எம்மொழியும் பேசமாட்டான். தமிழும் எழுதியபடியே ஒலிக்கும் மொழி என்று தமிழர் பெருமையாகச் சொல்வதுண்டு. அதனை நம்பி வந்த மலாய் மாணவனோ சீன மாணவனோ, ஒரே ககரத்தைப் பக்கம், பங்கு, பகல் என மூவகையாகக் கேட்டு மருளும்போது, அவனை நகையாடுவோர் தம் கூற்றின் எல்லையை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஜெப்பெத்தோ குளிருக்கு இருந்த ஒரே மேற்சட்டையை விற்று மகனுக்கு அரிச்சுவடி வாங்கித் தந்தார். மகன் அதனைப் படிக்காமலே விற்றுக் கூத்துக்குச் சென்றான். அது அவன் குற்றம். விற்காமல் திறந்து படிக்கும் மாணவனுக்கு அரிச்சுவடி மெய்யே சொல்லவேண்டும். அது அதனை எழுதுவோர் கடன்.